வார்டு மாற்றம் கேட்பது குற்றமன்று

சென்ற மாதம் ஒரு நாள் காலையில், இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய என் அக்காள் மகள், காலணியைக் கழற்றவும் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய சீருடையின் கைப்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டில், ‘7 சுகர், 11 ரத்தம், 19 ட்ரிப் 4 மணி’ என்று படுக்கை எண்களும் வேலைகளும் நீல மையில் நுணுக்கி எழுதப்பட்டிருந்தன. 38 நோயாளிகளைத் தனியொருத்தியாகக் கவனிக்க வேண்டியிருந்த இரவில், மறதிக்கு அஞ்சி அவள் எழுதி ஒட்டிக்கொண்ட குறிப்பு அது. காபி டம்ளரைக் கையில் வாங்கியவள் சொன்னாள்: “மாமா, விடியற்காலம் பத்தொன்பதாம் பெட் பாட்டி போயிட்டாங்க. எனக்கு அழுகையே வரலை. அப்பாடா, ஒரு பெட் குறைஞ்சதுன்னுதான் முதல்ல தோணிச்சு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

பணியில் சேர்ந்து ஒன்றரை வருஷமே ஆன ஒரு பெண்ணின் வாயிலிருந்து இச்சொற்களைக் கேட்டு, அவள் நெஞ்சில் ஈரம் வற்றிவிட்டதென்று முடிவுகட்டுவது அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு வகுத்த இலக்கணத்தில், சக்தியெல்லாம் வடிந்துபோதல், செய்யும் வேலையினின்று மனம் விலகிக் கசத்தல், எதையும் சரிவரச் செய்ய இயலவில்லை என்ற உணர்வு என மூன்று குறிகளைச் சொல்லி, இது நோயன்று, வேலையிடத்தில் ஓயாது தொடரும் நெருக்கடி தணிக்கப்படாமையால் விளைவது என்றும் கூறியிருக்கிறது. ஆகவே, பரிகாரத்தை அந்தப் பெண்ணின் சுபாவத்தில் தேடாமல், அவள் வேலை செய்யும் இடத்தில் தேடுவதே முறை.

பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு மாற்றம் கேட்கலாமா என்று அவளுக்கு ஓர் எண்ணம். மூத்த சிஸ்டர் ஒருவரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தபோது, “நாங்கள்லாம் இப்படித்தான் வந்தோம், ரெண்டு வருஷம்கூடத் தாங்காதவ எதுக்கு இந்த யூனிஃபார்மைப் போட்டே?” என்று பதில் வந்ததாம். அந்த அம்மையாரை நான் குறைகூற மாட்டேன். தாம் பட்டதைத்தான் அவர் சொன்னார். ஆனால், கண் மருத்துவர் இருதய நோய்க்கு வைத்தியம் பார்க்கவில்லையே என்று எவரும் பழிப்பதில்லை. மருத்துவர்க்கு மனத்துக்குகந்த துறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை இயல்பாக அளிக்கும் நாம், செவிலியர் அதையே கேட்டால் தொழிலைவிட்டு ஓடுவதாகக் கருதுகிறோம். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிசெய்பவரையும் ஒரு கூறாக வைத்தாரேயன்றி, ஒருபடி கீழே வைக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் பரபரப்பிலேயே உற்சாகம் காணும் செவிலியரும் உண்டு. வாரந்தோறும் டயாலிசிஸுக்கு வரும் அதே முகங்களோடு பழகி, அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரை விசாரிப்பதில் நிறைவு காண்பவரும் உண்டு. இருவரும் செய்வது ஒரே தர்மம்.

எனினும், வார்டு மாற்றம் ஒன்றே மருந்தென்று சொல்லிவிட மாட்டேன். இவள் மாறிப் போனால், அந்த 38 படுக்கைகளும் அடுத்து வரும் பெண்ணின் தலையில்தானே விழும்? பொது வார்டில், பயிற்சி மருத்துவமனையானால் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பிரமாணம். லிண்டா ஐக்கன் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் உயர்வதாகக் கண்டது. செவிலியரின் களைப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. படுக்கையில் இருப்பவரின் உயிரையும் அது தொடுகிறது.

ஆதலின் நிர்வாகத்தினர் காலியிடங்களைத் தாமதமின்றி நிரப்புவதோடு, முதல் ஆண்டிலேயே புதியவர்களைப் பல பிரிவுகளிலும் சுழற்சியாகப் பழக்கி, ஆண்டு முடிவில் விருப்பத்தை எழுத்தில் கேட்டு, சிறப்புப் பிரிவுகளுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்புக்குச் சம்பளத்தோடு விடுப்பும் தர வேண்டும். இளம் செவிலியருக்கும் ஒரு வார்த்தை: இரவுப் பணி முடிந்த காலையில் ராஜினாமா எழுதாதீர்கள்; உறங்கி எழுந்து, உங்களைச் சோர்வித்தது இந்தத் தொழிலா, அந்த வார்டா, அங்குள்ள எண்ணிக்கையா என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்; தொழிலன்று என்று பதில் வந்தால், மாற்றத்தைத் தலைநிமிர்ந்து கேளுங்கள்.

அன்று குளிக்கப் போகுமுன் பிளாஸ்திரியை உரித்தவள், 19 என்ற எண்ணைப் பார்த்துச் சற்று நின்று, அந்தப் பாட்டியின் பெயரைச் சொன்னாள். அதன் பிறகே அவளுக்கு அழுகை வந்தது. மாலையில் அவள் எழுதிய விண்ணப்பம் இன்னும் ஒரு மேசையில் காத்திருக்கிறது. ஒரு கையொப்பம் விழுந்தால், இத்தொழிலில் இன்னும் முப்பது ஆண்டு நிற்கக்கூடிய ஒரு செவிலியை நாம் இழக்காமல் காப்போம்.