அந்நியத் தலையீடு எது?

பால், பாலினச் சிறுபான்மையினரின் உரிமைகளை அமெரிக்க வெளியுறவுக் கொள்கையின் நிலையான பகுதியாக்க, செனட்டர் எட்வர்ட் மார்க்கியும் பிரதிநிதி டினா டைட்டஸும் கொண்டுவந்த குளோப் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. பிற நாட்டுப் பண்பாட்டில் அது அந்நியத் தலையீடு என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. உகாண்டாவில் தன்பாலுறவை முதலில் குற்றமாக்கியது பிரிட்டிஷ் ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டம். 2009 மார்ச்சில் அமெரிக்க மதப்பிரசாரகர் ஸ்காட் லைவ்லி கம்பாலாவில் தன்பாலீர்ப்பை எதிர்த்து நடந்த கருத்தரங்கில் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் உகாண்டாவில் தன்பாலீர்ப்புக்கு எதிராக மரண தண்டனைப் பிரிவுடன் ஒரு மசோதா வந்தது. அந்நாட்டின் 2023 சட்டத்தில் ஆயுள் தண்டனையும், சில குற்றங்களுக்கு மரண தண்டனையும் உள்ளன. வெறுப்பை ஏற்றுமதி செய்தபோது எழாத இறையாண்மைக் கேள்வி, பாதுகாப்பு என்றதும் எழுவது நேர்மையல்ல.

உதவியை நிறுத்தினால் ஏழைகளே பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்துக்கு மட்டும் வலு உண்டு. 2011-இல் பிரிட்டன் உதவியை நிறுத்துவதாக எச்சரித்தபோது, பழி தங்கள்மேல்தான் விழும் என்று ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்களே எதிர்த்தனர். ஆனால் குளோப் மசோதா முன்வைக்கும் தடைகள் கொடுமைக்குப் பொறுப்பான தனிநபர்களைக் குறிவைப்பவை. மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியை அல்ல.

நிர்வாக உத்தரவே போதும் என்பதும் நிற்காது. இவ்வுரிமைகளுக்காக அமெரிக்காவில் 2015-இல் உருவான சிறப்புத் தூதர் பதவி, 2017 இறுதியிலிருந்து 2021 வரை காலியாகவே கிடந்தது. அதைச் சட்டபூர்வப் பதவியாக்கவே மசோதா கோருகிறது.