என் மகளின் குடும்பம் பாதி இல்லை

இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பவள். என்னைப் பற்றி ஊர் பேசியதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற என் பிள்ளை உங்களுக்கு என்ன பாவம் செய்தாள்?

டீச்சர், 'என் குடும்பம்' என்று சார்ட் செய்துவரச் சொன்னீர்கள். அவள் என் படத்தை ஒட்டினாள், பாட்டி படத்தை ஒட்டினாள், சுற்றிலும் பூ வரைந்தாள். "அப்பா எங்கே? பாதிதானே செஞ்சிருக்க?" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் திருப்பிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு ராத்திரி பேப்பரில் வந்த வேட்டி விளம்பரத்திலிருந்து யாரோ ஒரு ஆளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "இவர் போதுமாம்மா? மிஸ் திட்ட மாட்டாங்கல்ல?" என்றாள். ஆறு வயசு! நான் என்ன பதில் சொல்வேன்? நீங்களே சொல்லுங்கள், என்ன சொல்வேன்?

அவளை நான் திருடிக்கொண்டா வந்தேன்? தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம் என்று இந்த நாட்டின் விதிதான் சொல்கிறது. சமூகப் பணியாளர் வீடு தேடி வந்து விசாரித்தார். சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று, நான் இல்லாமல் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொந்தக்காரர் தந்த உறுதிமொழி, எல்லாம் கொடுத்தேன். அத்தனையும் பார்த்து அரசாங்கம் ஒத்துக்கொண்ட குடும்பத்தைப் பாதி என்று சொல்ல நீங்கள் யார்?

கல்யாணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015லேயே தீர்ப்புச் சொன்னது. வழக்கமான வடிவில் இல்லாத குடும்பங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2022இல் சொன்னது. அவ்வளவு ஏன், என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய மூன்றாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில் தாரா என்று ஒரு பிள்ளை வருவாள். சென்னையில் அம்மாவோடும் தாத்தாவோடும் இருப்பாள். அந்த அம்மாவும் கல்யாணமாகாதவள், தாராவைத் தத்தெடுத்தவள். எட்டு வயசுப் பிள்ளைகளுக்குப் புரியும் என்று பாடமாகவே வைத்தார்கள். பெரியவர்கள் உங்களுக்கு ஏன் புரியவில்லை?

என் மகள் ஒருத்திதானா? கொரோனாவுக்கு அப்பாவைக் கொடுத்த பிள்ளை இல்லையா? அடித்த புருஷனை விட்டு வந்தவளின் பிள்ளை இல்லையா? அப்பாவும் அம்மாவும் பிழைக்கப் போன ஊரில் இருக்க, பாட்டி சோறூட்டி வளர்க்கிற பிள்ளை இல்லையா? குழந்தைகள் இல்லத்திலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளை இல்லையா? அவர்களெல்லாம் யார் படத்தை வெட்டி ஒட்டுவார்கள்?

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறீர்கள். "உனக்கு அப்பாவே இல்லையாமே" என்று என் மகளைக் கேலி செய்ததும் சின்னப் பிள்ளைகள்தான். அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கேலி செய்யத் தெரிகிற வயசில் உண்மை புரியாதா?

டீச்சர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த முறை, "உனக்குச் சோறு போடுறது யாரு, காய்ச்சல் வந்தா பக்கத்துல படுக்கிறது யாரு, அவங்களை வரைஞ்சுட்டு வா" என்று சொல்லுங்கள். பெற்றவர்களே, குடும்பம் பல விதம் என்று உங்கள் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். என் மகளைத் தலைகுனிய வைத்த அதே வகுப்பில், எல்லார் முன்னாலும், அவளுடையது முழுக் குடும்பம் என்று சொல்லுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.