கள்ளன் வராத இரவுகள்

சென்ற கிழமை புத்தூரில் எமது ஒழுங்கையிலுள்ளோர் நான்கு இரவுகள் நித்திரையின்றித் தவித்தனர். குற்றம் எம்முடையதே என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். எமது வளவில் நிற்கும் யப்பான் கார், எவனும் தொடாமலே நடுச்சாமத்தில் அபாய ஒலி எழுப்பிக் கதறியது. முதல் இரவு அயலவர் டோர்ச் லைற்றுடன் ஓடி வந்தனர். மறுநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தனர். மூன்றாம் இரவு நாய் மட்டுமே குரைத்தது. நான்காம் இரவு அதுவுமில்லை. அன்று உண்மையிலேயே கள்ளன் வந்திருப்பின் ஆறுதலாகக் காரைக் கொண்டு போயிருப்பான்!

பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் நான்கு இரவும் எழுந்து, முன்னர் பதுங்குகுழி இருந்த இடத்தில் போய் நின்றாராம். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டதென்பது அவர் அறியாததன்று. அவருடைய மகள் வந்து இதைச் சொன்னபோது எம்மால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அன்றே மெக்கானிக்கை அழைத்தோம்.

எல்லோரும் முதலிற் பழிப்பது பற்றறியையே. அது வீண்பழியன்று. ஓய்ந்து நிற்கும் நல்ல பற்றறி 12.6 வோல்ற்றளவு காட்டும். 12க்குக் கீழே இறங்கினால், யாரோ இணைப்பைக் கழற்றுவதாக எண்ணிக் காவற் கருவி அலறக்கூடும். எமது பற்றறியோ சுகமாக இருந்தது. (1990களில் வடக்கிற்குப் பற்றறி கொண்டுவரவே தடையிருந்தது. அன்று மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களைக் கிளப்புவதே பெரும்பாடு. அவற்றுக்குக் காவல் எதற்கு?) அதிர்வை உணரும் கருவியைக் கூர்மையாக வைத்தால் இடிமுழக்கத்துக்கும் லொறிக்கும் அலறும். அதுவும் காரணமன்று.

பொனற்றின் விளிம்பின் கீழே விரல்நுனியளவு பொத்தானொன்று உண்டு. மூடியைச் சாத்தினால் அது அமுங்கியிருக்க வேண்டும். எமதூர்ச் செம்மண் புழுதியும் துருவும் ஏறி அது இறுகிப்போயிருந்தது. இரவின் ஈரத்தில் தொடுகை விட்டு விட்டு இணைய, யாரோ மூடியைத் திறப்பதாகக் கருவி நம்பிவிட்டது. பற்றறி இணைப்பைக் கழற்றிவிட்டு, அரத்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைத்தார். தேய்ந்துபோயிருந்தால் புதிதாய் மாற்றுவதே மேல்.

சில கார்களில், இறுதியாக அலறச் செய்தது எது என்பதைச் சிறு விளக்கு மினுங்கும் எண்ணிக்கையால் அறியலாம். விபரம் கைநூலில் இருக்கும். நேயர்கள் அதை முதலிற் பார்ப்பார்களாக. நாம் கடைசியிலேதான் பார்த்தோம்.

ஐந்தாம் இரவு கார் வாய் திறக்கவில்லை. ஆச்சியோ விழித்திருந்து, “இன்னும் சத்தத்தைக் காணேல்லையே, பிள்ளை” என்று மகளைக் கேட்டாராம்.