மெனு கார்டைப் பார்த்தா பசி போயிடுது

எங்க ஊர் ஆளுங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. "ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட், ஒரு வித்தவுட்" என்று குரல் வரும். வித்தவுட் என்றால் சர்க்கரை போடாத டீ. 'எது இல்லாமல்?' என்று மாஸ்டர் கேட்பதே இல்லை. பக்கத்து ஓட்டலில் 'மீல்ஸ் ரெடி' போர்டு தொங்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட, "ஒரு ஆம்லெட், ரெண்டு பரோட்டா பார்சல், பில் எவ்வளவுப்பா?" என்று சரளமாகப் பேசும்.

இத்தனை இங்கிலீஷ் தெரிஞ்ச சனம், ஏசி போட்ட ரெஸ்டாரண்டுக்குள்ள போனதும் ஊமையாகிடுது. காரணம் பாஷை இல்லை என்பது என் கட்சி.

திருநாவலூருக்குப் பக்கத்துலயே சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போகுது. ரோட்டோரம் பெரிய பெரிய சாப்பாட்டுக் கடைகள். போன வருஷம் பெரியப்பாவை அவர் மகன் அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப் போனான். நானும் கூட இருந்தேன். தடியா ஒரு அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாங்க. பெரியப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். மூடி வைத்தார். "எனக்குப் பசிக்கலப்பா, நீங்க சாப்பிடுங்க. ஒரு டீ மட்டும் சொல்லு" என்றார். காலையிலிருந்து கரும்புக் கொல்லையில் நின்ற மனுஷனுக்குப் பசிக்காதா? அந்த அட்டையில் 'லேடீஸ் ஃபிங்கர்' என்று போட்டிருந்தது, அவர் முப்பது வருஷமா பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புற வெண்டைக்காய்தான். 'ஸ்வீட் கார்ன்' என்பது மக்காச்சோளத்தில் ஒரு வகை. 'கேஷ்யூ' என்பது பண்ருட்டி பக்கம் மூட்டை மூட்டையா பார்க்கிற முந்திரி. இப்போ புதுசா 'லிட்டில் மில்லட்' என்று ஒரு அயிட்டம் வந்திருக்கு. கல்வராயன் மலையில் காலங்காலமா விளையுற சாமைதான் அது.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்த அட்டையில் இருப்பது முழு இங்கிலீஷும் கிடையாது. கோபி, ஆலூ, பாலக், மட்டர், ஜீரா எல்லாம் இந்தி. மெனு, ரெஸ்டாரண்ட் ரெண்டும் பிரெஞ்சுக்காரனிடமிருந்து இங்கிலீஷ்காரன் வாங்கினது. ஆக, 'எனக்கு இங்கிலீஷ் தெரியலையே' என்று நம்ம ஆள் கூனிக் குறுகுற அட்டையில் பாதி இரவல் சரக்கு.

நம்மகிட்ட இருந்தும் அவன் வாங்கியிருக்கான். நம்ம கறிதான் 'கர்ரி'. கஞ்சி 'காஞ்சி' ஆச்சு. மிளகுத்தண்ணீரைக் கொண்டுபோய் 'மல்லிகடானி சூப்' என்று பேர் வச்சு இன்னைக்கும் விற்கிறான். ழகரம் வரலைன்னோ, மிளகு மல்லி ஆயிடுச்சுன்னோ எந்த வெள்ளைக்காரனும் வெட்கப்பட்டதாத் தெரியலை. வெட்கம் நமக்கு மட்டும் ஏன்?

உர மருந்துக் கடையில் நின்னு பாருங்க. கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவர்கூட குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் என்று பல்லை உடைக்கிற பேரையெல்லாம் சொல்லிக் கேட்பார். கொஞ்சம் மாத்திச் சொன்னாலும் கடைக்காரர் சிரிக்க மாட்டார், எடுத்துக் கொடுப்பார். சிரிப்பு இல்லாத இடத்தில் எந்த வார்த்தையும் வந்துடும். ரெஸ்டாரண்டில் அடுத்த டேபிள்காரர் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வைதான் நாக்கைக் கட்டுது.

அதுக்காக, கத்துக்க வேண்டாம்னு சொல்லலை. கத்துக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஸ்டார்ட்டர் என்பது முதலில் கொறிக்க. மெயின் கோர்ஸ் என்பதுதான் சாப்பாடு. டெசர்ட் கடைசியில் வர்ற இனிப்பு. கிரேவின்னா குழம்போட இருக்கும், டிரைன்னா சுண்ட வறுத்திருக்கும். ஸ்பைசின்னா காரம், போன்லெஸ்னா எலும்பு இல்லாதது. ட்ரம்ஸ்டிக்கில் மட்டும் ஜாக்கிரதை. சைவக் கடையில் அது முருங்கைக்காய், அசைவக் கடையில் கோழிக்கால். மட்டர் என்றால் பட்டாணி, மட்டன் இல்லை. சைவம் சாப்பிடுறவங்க பயப்பட வேண்டாம். "மினரல் வாட்டரா, ரெகுலர் வாட்டரா?" என்று கேட்டால் ரெகுலர் என்பது காசில்லாத சாதாத் தண்ணி.

இப்போ இந்த வார்த்தைகளுக்கு இன்னொரு அவசியமும் வந்திருக்கு. பரிமாற வர்ற பையன் பல இடத்தில் அசாமோ ஒடிசாவோ. அவனுக்குத் தமிழ் அரைகுறை, நமக்கு அவன் பாஷை சுத்தமாத் தெரியாது. நடுவில் பாலமா நிக்கிறது இந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைதான். அவனும் ஊரை விட்டு வந்து கத்துக்கிட்டவன். நம்மைப் பார்த்து அவன் சிரிக்க மாட்டான்.

பேரப்பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'பார்சல்' என்றால் புரியாது. இங்கிலாந்தில் 'டேக் அவே', அமெரிக்காவில் 'டு கோ'. அமெரிக்காவில் பில்லுக்குப் பேர் 'செக்'. 'ஹோட்டல் எங்கே?' என்று கேட்டால் தங்குற இடத்தைக் காட்டுவாங்க, இட்லி கிடைக்காது.

காசு சம்பந்தப்பட்ட ஒரு வார்த்தை இருக்கு: 'சர்வீஸ் சார்ஜ்'. ஜிஎஸ்டி அரசாங்க வரி, அதைக் கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. எடுக்க மறுத்தால் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். இந்த ஒரு வார்த்தை தெரியாததால் போற காசு கொஞ்சமில்லை.

இதெல்லாம் சாப்பிட வர்றவன் கத்துக்க வேண்டியது. கடைக்காரருக்கு ஒண்ணும் கடமை இல்லையா? தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருக்கணும்னு விதி இருக்கு. ஆனா தமிழ் வாசலோட நின்னுடுது, டேபிளுக்கு வர்றதில்லை. சாப்பிட வர்றவர்களில் பெரும்பாலானவங்க தமிழர்கள், சமைக்கிற காய் தமிழ்நாட்டுக் கொல்லையில் விளைஞ்சது, அட்டையில் மட்டும் ஒரு வரி தமிழ் கிடையாது.

எங்க ஊர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் பசியும் தாகமுமா வந்தப்போ, திருக்குருகாவூருக்குப் போற வழியில் சிவன் பந்தல் போட்டு உட்கார்ந்து தண்ணியும் பொதிசோறும் கொடுத்தார்னு பெரியபுராணம் சொல்லுது. பசியோட வந்தவனுக்கு முதலில் சோறு, மத்த விசாரணையெல்லாம் அப்புறம். நம்ம நாட்டு விருந்தோம்பல் அதுதான்.

பட்டணத்தில் இருக்கிற உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிப் போகும்போது, அட்டையை வாங்கி நீங்களே மடமடன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொண்ணா தமிழில் சொல்லுங்க. இது நம்ம வெண்டைக்காய், இது பட்டாணிக் குழம்பு, இது காரமா இருக்கும்னு. அவங்க விரும்பினதை அவங்க வாயாலேயே சொல்லட்டும். சாப்பிட்டு முடிச்சு காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம், "தமிழ் மெனு இருக்காங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கேட்டால் படிக்காதவன்னு நினைப்பாங்க. நீங்க கேட்டால் அச்சடிப்பாங்க.