களத்தில் முடிந்ததை அறைக்குள் மாற்றக் கூடாது: கல்லூரி கால்பந்து பிளேஆஃப் அணித் தேர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், பிள்ளைகளை அங்கே சேர்த்துக் கட்டணம் கட்டிவரும் பெற்றோர்கள் எல்லோரும் சேர்ந்தது எங்கள் தமிழ் அமைப்பு. டாலஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் படித்தவர் எங்களில் உண்டு, டஸ்கலூசாவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தவரும் உண்டு. சவுத் பெண்டில் நோட்டர் டேமில் படித்தவரும் மயாமியில் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து குரல் உயர்த்தி வாதாடியதும் உண்டு. யாருக்கு எந்த அணி பிடிக்கும் என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை வராது. பிளேஆஃபுக்கு, அதாவது தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, அணிகளைப் பொறுக்கும் முறை விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டு நிற்கிறோம். ஓர் அணி களத்தில் செய்து முடித்ததே அதன் தகுதி. இனி அது எப்படி ஆடும் என்று தேர்வுக்குழு போடும் ஊகக்கணக்கு அந்தத் தகுதியைப் பறிக்கக் கூடாது. ஒவ்வொரு முடிவும் யாருடைய வாக்கால், எந்தக் காரணத்தால் வந்தது என்பது எழுத்தில் வெளிவர வேண்டும்.

நாங்கள் பேசுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அதன் மேல்நிலைக் கல்லூரிப் பிரிவில் 2025 சீசனில் 136 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஆட்டங்கள் 12தான். ஐபிஎல்லில் பத்து அணிகள் ஆளுக்கு 14 ஆட்டம் ஆடினால் அடுத்த சுற்றுக்குப் போகும் நால்வரைப் புள்ளிப் பட்டியலே காட்டிவிடும். இங்கே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று கண்ணால் பார்ப்பதே இல்லை. அதனால் 2014 முதல் 13 பேர் கொண்ட குழு ஒன்று அணிகளைத் தேர்ந்தெடுக்கிறது. 2023 வரை நான்கு அணிகள், 2024 முதல் பன்னிரண்டு. கல்லூரி விளையாட்டின் பொது அமைப்பான என்சிஏஏவுக்கு இதில் பொறுப்பில்லை. அணிகள் தமக்குள் குழுவாகச் சேர்ந்து ஆடும் பத்து கான்ஃபரன்ஸ்களும், எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்டர் டேமும் சேர்ந்து இதைத் தனியாக நடத்துகின்றன.

2023 டிசம்பர் 3ஆம் தேதியை மறக்க முடியாதவர்கள் எங்களில் பலர். ஃப்ளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டம் ஆடி 13லும் வென்றிருந்தது, ஏசிசி கான்ஃபரன்ஸின் சாம்பியன். அன்று டாலஹாசியில் வீரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பிளேஆஃப் அணி அறிவிப்பை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ் என்று மூன்று பெயர்கள் வந்தன. நான்காவதாக அலபாமா வந்தது. அந்த நொடியில் கேமரா வீரர்களின் முகங்களைத்தான் காட்டியது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோல்வியே காணாத சாம்பியன் பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை.

குழு சொன்ன காரணம், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் காயம். நவம்பர் 18ஆம் தேதி நார்த் அலபாமாவுடன் ஆடியபோது அவர் கால் முறிந்தது. முக்கிய வீரர் இல்லாதது இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்பதையும் பார்க்கலாம் என்று தேர்வு விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் காயத்துக்குப் பிறகும் அந்த அணி ஃப்ளோரிடாவை 24-15 என்று அவர்கள் ஊரிலேயே வென்றது. இரண்டாம் குவார்ட்டர்பேக்கும் அடிபட்டதால், முதலாமாண்டு மாணவரான பிராக் க்ளென்னை இறக்கி லூயிவில்லை 16-6 என்று வீழ்த்திப் பட்டமும் வாங்கியது. என் கால் சீசன் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி என் ஒருவனால் ஆனது அல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில் தேர்வு அறிவிக்கப்பட்ட அன்று டிராவிஸ் எழுதினார். காயம்பட்ட இளைஞர் ஒருவர் தன் காயத்துக்காகத் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளிய விதி அது. அந்த விதி நீக்கப்பட வேண்டும்.

பிறகு, சீசன் முடிவில் அழைப்பின் பேரில் ஆடும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே, குழு சொன்னது சரிதானே என்று இன்றும் கேட்கிறார்கள். பிளேஆஃப் கதவு சாத்தப்பட்ட பிறகு முன்னணி வீரர்கள் பலர் விலகிக்கொண்டதால், பெயருக்கு மட்டுமே அது ஃப்ளோரிடா ஸ்டேட் அணி. வெளியே தள்ளியதன் விளைவையே தள்ளியதற்கான நியாயமாகக் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

பிளேஆஃபின் முதல் ஆண்டிலேயே இதற்கு நேர்மாறான சான்று கிடைத்திருக்கிறது. 2014இல் ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் சீசன் தொடங்கும் முன்பே காயத்தால் விலகினார். அடுத்தவரான ஜே.டி. பாரெட்டுக்கு மிச்சிகனுடன் ஆடும்போது கணுக்கால் முறிந்தது. மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சினுக்கு எதிரான கான்ஃபரன்ஸ் இறுதியில் இறங்கினார்; 59-0 என்று வென்றார்கள். குழு அவர்களை நான்காம் இடத்தில் உள்ளே சேர்த்தது. அவர்கள் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வீழ்த்திக் கோப்பையையும் தூக்கினார்கள். மூன்றாம் குவார்ட்டர்பேக்கோடு ஓர் அணி என்ன செய்யும் என்று அறைக்குள் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அதே வாரம் மூன்றாம் இடத்தில் இருந்த டிசியு, அயோவா ஸ்டேட்டை 55-3 என்று நொறுக்கிவிட்டு ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஐம்பத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி ஏன் மூன்று படி கீழே போனது என்பதற்கு நம்பும்படியான விளக்கம் இதுவரை இல்லை.

நான்கு அணிகளைப் பன்னிரண்டாக்கினால் தகராறு தீரும் என்றார்கள். தீரவில்லை. தகராறு நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

2025இன் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றது. குழு செவ்வாய்தோறும் வெளியிடும் தரவரிசையின் முதல் பட்டியல் நவம்பர் 4ஆம் தேதி வந்தபோது இரு அணிகளும் ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்று சமமாக இருந்தன. ஆனால் நோட்டர் டேம் பத்தாம் இடம், மயாமி பதினெட்டாம் இடம். அன்று தொடங்கி ஐந்து செவ்வாய்க்கிழமைகளும் நோட்டர் டேமே மேலே இருந்தது. டிசம்பர் 2ஆம் தேதிப் பட்டியலில் அலபாமா 9, நோட்டர் டேம் 10, பிஒய்யு 11, மயாமி 12. அந்த வாரக் கடைசியில் மயாமியும் ஆடவில்லை, நோட்டர் டேமும் ஆடவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி இறுதிப் பட்டியல் வந்தபோது மயாமி 10, நோட்டர் டேம் 11. பன்னிரண்டில் இரண்டு இடங்கள் சிறிய கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களுக்குப் போனதால், மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே.

இடையில் இருந்த பிஒய்யு தோற்றுக் கீழே இறங்கியதால் மயாமியும் நோட்டர் டேமும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு வந்தன, அப்போதுதான் ஆகஸ்ட் மாத நேருக்கு நேர் ஆட்டத்தை எடைபோட வேண்டி வந்தது என்று குழுத் தலைவர் ஹன்டர் யூராச்செக் விளக்கினார். எங்கள் பார்வையில் கடைசி முடிவு சரி. ஒரே கணக்கில் நிற்கும் இரண்டு அணிகளில் வென்ற அணி மேலே இருக்க வேண்டும். ஆனால் அதற்கு டிசம்பர் 7 வரை ஏன் காத்திருந்தார்கள்? ஆகஸ்ட் 31இல் நடந்த ஆட்டம் நவம்பர் முழுக்க நடக்காத ஆட்டம் போலவா? ஐந்து வாரம் நோட்டர் டேம் மாணவர்களுக்கு நம்பிக்கை கொடுத்து, அவர்கள் ஆடாத ஒரு வாரத்தில் அதைப் பறித்தது அவர்களுக்குச் செய்த அநீதி. மயாமிக்குச் சேர வேண்டிய இடத்தை அந்த ஐந்து வாரமும் மறுத்தது மயாமிக்குச் செய்த அநீதி. அந்தக் கசப்பில் நோட்டர் டேம் வேறெந்தப் பௌல் ஆட்டத்துக்கும் போகாமல் சீசனையே முடித்துக்கொண்டது. அந்த முடிவை நாங்கள் ஆதரிக்கவில்லை. கடைசி ஆட்டம் ஆடக் காத்திருந்த நான்காமாண்டு மாணவர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்கள் கோபம் மட்டும் புரிகிறது.

அதே வாரக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. அலபாமா தன் கான்ஃபரன்ஸான எஸ்இசியின் இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றது. ஒன்பதாம் இடம் அசையவில்லை. பிஒய்யு தன் கான்ஃபரன்ஸான பிக் 12இன் இறுதியில் டெக்சாஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றது. ஓர் இடம் இறங்கியது. கான்ஃபரன்ஸ் இறுதிக்குத் தகுதி பெற்ற அணியை அங்கே தோற்றதற்காகத் தண்டிக்கக் கூடாது என்பது நியாயமான கொள்கை. அப்படியானால் அது இரண்டு அணிக்கும் பொருந்த வேண்டும். அலபாமா சீசனின் முதல் ஆட்டத்தில் தோற்றது, அந்த ஆண்டு பாதி ஆட்டம்கூட வெல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம். பிஒய்யுவின் இரண்டு தோல்விகளுமே கான்ஃபரன்ஸ் சாம்பியனிடம் வாங்கியவை. இதை எடைபோட்டுவிட்டுத்தான் குழு முடிவெடுத்தது என்றால், எடைபோட்ட கணக்கைக் காட்டட்டும்.

செவ்வாய்க்கிழமைத் தரவரிசை என்பதே தேவையில்லாதது. பிளேஆஃபை ஒளிபரப்பும் ஈஎஸ்பிஎன் அதை வாராவாரம் நிகழ்ச்சியாக்குகிறது. அதே நிறுவனத்தின் கையில்தான் எஸ்இசியின் ஒளிபரப்பு உரிமையும் இருக்கிறது. யாரும் யாருக்கும் கட்டளையிட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாதி சீசனில் வெளியிடும் வரிசை அடுத்த வாரத்து வரிசைக்கு அடித்தளமாகிவிடுகிறது. பத்தாம் இடத்தில் வைத்த அணியை, அது வென்றுகொண்டிருக்கும்வரை, கீழே இறக்கக் கை வருவதில்லை. நோட்டர் டேம் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று நம்புகிறோம். எல்லா ஆட்டங்களும் முடிந்த பிறகு ஒரே ஒரு பட்டியல் போதும்.

குழு கூடுவது டெக்சாஸில், டல்லஸ் அருகே கிரேப்வைன் என்ற ஊரில் உள்ள ஹோட்டலில். ஒவ்வொருவரும் முதலில் 30 அணிகளின் பெயரை எழுதித் தருகிறார்கள். பிறகு சில அணிகளாக எடுத்துப் பேசி, வாக்களித்து, படிப்படியாகப் பட்டியலில் ஏற்றுகிறார்கள். வாக்கு ரகசியம். யார் எதற்கு வாக்களித்தார் என்பது எப்போதும் வெளியே வராது. வெளியிட்டால் உறுப்பினர்களுக்கு மிரட்டல் வரும் என்கிறார்கள். ஆனால் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசைக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளர்களின் பட்டியல் ஒவ்வொரு வாரமும் பெயரோடு வெளிவருகிறது. பயிற்சியாளர்கள் தரவரிசையிலும் கடைசி வாக்குகள் பெயரோடு வருகின்றன. பத்திரிகையாளரும் பயிற்சியாளரும் தாங்குவதை இந்தக் குழுவும் தாங்கலாம்.

குழுவில் பதவியில் இருக்கும் விளையாட்டு இயக்குநர்கள் இருக்கிறார்கள். தம் பல்கலைக்கழகத்தின் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. அது நல்ல விதி, ஆனால் போதாது. 2025 சீசனில் ஓர் அணி பிளேஆஃபுக்குள் நுழைந்தாலே அதன் கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர் கிடைத்தது. தன் அணிக்காக வெளியே போகும் இயக்குநர், தன் கான்ஃபரன்ஸின் மற்ற அணிகளைப் பற்றிப் பேசும்போது மேசையிலேயே இருக்கிறார். அவருடைய நேர்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் அவரை உட்கார வைத்திருப்பதுதான் தவறு. அந்த இடத்தில் உட்கார ஓய்வுபெற்ற பயிற்சியாளர்கள், முன்னாள் வீரர்கள், நடுவர்களாக இருந்தவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

சிறிய கான்ஃபரன்ஸ்களின் இடத்தைப் பறிக்க வேண்டும் என்ற குரல் இப்போது ஓங்கியிருக்கிறது. அதை முழுமையாக எதிர்க்கிறோம். தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உண்டு என்று அப்போதிருந்த விதியால்தான் 2025இல் டூலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே வந்தன. இரண்டும் முதல் சுற்றிலேயே தோற்றன, உண்மை. அலபாமாவும் பிளேஆஃபின் ரோஸ் பௌல் ஆட்டத்தில் இண்டியானாவிடம் 38-3 என்று தோற்றது. எஸ்இசிக்கு இனி இடமில்லை என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லையே. 2017இல் யூசிஎஃப் எல்லா ஆட்டமும் வென்றும் பன்னிரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. பிறகு பீச் பௌலில் ஆபர்னை 34-27 என்று வென்று காட்டியது. அந்த ஆபர்ன், அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே வழக்கமான சீசனில் வென்ற அணி. ஜேம்ஸ் மேடிசனில் விளையாட்டுத் துறைச் செலவில் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்து போகிறது. அந்தக் கட்டணத்தைக் கட்டுகிற வீடுகளின் பிள்ளைகளிடம், நீங்கள் எல்லா ஆட்டமும் வென்றாலும் பட்டத்துக்கு ஆட முடியாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

முழுக்கக் கணினியிடம் விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 1998 முதல் 2013 வரை இருந்த பிசிஎஸ் முறையில் கணினிக்கும் பங்கு இருந்தது. 2003இல் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த யூஎஸ்சி அந்த முறையால்தான் இறுதி ஆட்டத்துக்கு வெளியே நின்றது. மனிதர் தீர்ப்பு வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு எழுதப்பட்ட வரிசை வேண்டும்: முதலில் வெற்றி தோல்வி, அடுத்து நேருக்கு நேர் ஆட்டம், அடுத்து எதிரணிகளின் வலிமை. வரிசையை மீறினால் மீறியதன் காரணம் பெயரோடு வெளிவர வேண்டும்.

பத்து கான்ஃபரன்ஸ் ஆணையர்களும் நோட்டர் டேமின் விளையாட்டு இயக்குநரும் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவுக்கு இந்த அறிக்கையை அனுப்புகிறோம். 2026 சீசனின் தேர்வு தொடங்கும் முன் காயப் பிரிவை நீக்குவதாகவும், இறுதி வாக்குகளைப் பெயரோடு வெளியிடுவதாகவும் அவர்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் தலைவருக்கு இதே கோரிக்கையைத் தம் பெயரில் எழுதுவார்கள். எந்த அணி உள்ளே போனாலும், எந்த அணி வெளியே நின்றாலும் எழுதுவார்கள்.