இருபதுக்கு எத்தனை?

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் 20-க்குத்தான். 'திக்தே' என்னும் சொல்வதெழுதுதலில் பிழைக்குப் பிழை மார்க்கைக் குறைத்துக்கொண்டே போவார்கள். சுழியத்தில் வந்து நின்றவர்களும் உண்டு. கடைகளின் இணையதளங்களையும் அப்படித்தான் திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

காரணத்தைச் சொல்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்த நண்பருக்குக் காது மிஷினுக்கு பேட்டரி தேவைப்பட்டது. விற்கும் கடையின் தளத்தை மொபைலில் திறந்தார். ஓடும் படங்கள், நிறுவனரின் வாழ்த்துரை, நிறுவனத்தின் லட்சியம், எல்லாம் ஆங்கிலத்தில். வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து. உள்ளே நுழையவே ஒரு ஓடிபி. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது காலாவதி. ஒருவழியாக விலை தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் ஏதோ கட்டணம் சேர்ந்து அது வேறு விலையானது. மனைவியைப் பேசச் சொல்லலாம் என்றால் போன் நம்பர் எங்குமே இல்லை. "நமக்கு வயசாயிடுச்சு சார், இதெல்லாம் வராது" என்று மொபைலை வைத்துவிட்டார். பேரன் வரும்வரை மூன்று நாள் காது கேளாமலே இருந்தார்.

அவர் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. தவறு கடையினுடையது, வெட்கம் மட்டும் இவருக்கு!

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். எந்த மனு எந்த மேஜைக்கு, என்னென்ன நகல் வேண்டும் என்று வாசலில் பலகை இருந்தால் அரை மணியில் திரும்பிவிடுவார்கள். இல்லையென்றால் மூன்று மேஜை அலைந்து, மறுநாளும் வருவார்கள். இணையதளமும் ஒரு கவுண்டர்தான். வந்தவருக்கு வேலை முடிந்ததா என்பதே கேள்வி. 'தினம் இத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்று கடைக்காரர் பெருமைப்படுவது, அலுவலக வாசலில் நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பெருமைப்படுவது போல. வேலை முடியாததாலும் கூட்டம் நிற்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய செலவில்லை. 5 பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000-லேயே எழுதிவிட்டார். அந்த ஐவரில் இருவர் எழுபதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும் என்பது என் சேர்க்கை. ஒரு வேலையைக் கொடுத்து, வாய் திறக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.

பிறகு திருத்துங்கள். முழு விலை முதலிலேயே தெரியாவிட்டால் 5 குறைக்கலாம். போன் நம்பரும் முகவரியும் இல்லாவிட்டால் 5. எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் 4. தமிழில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் 3. பொருளைப் பார்ப்பதற்கே ஓடிபி கேட்டால் 3. பணம் கட்டும்போது கேட்கும் ஓடிபி நமக்குக் காவல். அதற்கு மார்க் குறைக்க மாட்டேன். 10-க்குக் கீழே பெயில். மேலே சொன்ன கடைக்கு நான் போட்டது சுழியம்.

இது கிழவனின் முணுமுணுப்பு அல்ல. இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். விலையை மறைத்துக் கடைசியில் ஏற்றுவதை, 2023-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நண்பர்களே, 'எனக்கு வராது' என்று சொல்லும் முன் கடைக்கு மார்க் போடுங்கள். உள்ளூர்க் கடையென்றால் நேரில் போய், 'இந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்' என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கும் அது லாபம்தான். பாதியில் விட்டுப்போகிற வாடிக்கையாளர் யாரும் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லையே!