கல்வி உதவித்தொகை: சத்தமின்றி நடக்கும் பறிப்பு

புதுதில்லி லோதி ரோட்டில் ஒன்றிய அரசின் அலுவலகங்கள் நிறைந்த சிஜிஓ வளாகத்தில் 'பண்டித தீனதயாள் அந்த்யோதயா பவன்' என்றொரு கட்டிடம் உள்ளது. ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் முகவரி அது. 'அந்த்யோதயா' என்ற சொல்லுக்குக் கடைக்கோடி மனிதரின் உயர்வு என்று பொருள். அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சில ஆண்டுகளாக நடந்துவரும் வேலையோ, கடைக்கோடிக் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் இருந்த கல்வி உதவித்தொகையை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதாக இருக்கிறது. இதற்கென நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் நடக்கவில்லை. எந்தச் சட்டமும் திருத்தப்படவில்லை. ஒரு சுற்றறிக்கை, ஓர் எழுத்துப்பூர்வ பதில், பட்ஜெட் ஆவணத்தில் மாறிய ஓர் எண். இவையே போதுமானவையாக இருந்தன.

இந்த உதவித்தொகைகள் எவருடைய கருணையிலும் பிறந்தவை அல்ல. இடதுசாரிகளின் ஆதரவுடன் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சி நடந்த காலத்தில், 2005-இல் நீதிபதி ராஜேந்தர் சச்சார் தலைமையில் உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. 2006 நவம்பரில் அது அளித்த அறிக்கை நாட்டின் மனசாட்சியை உலுக்கியது. 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளியின் வாசலையே மிதிக்காதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று அது கூறியது. முன்னணிக் கல்லூரிகளின் இளநிலை வகுப்புகளில் 25 மாணவர்களில் ஒருவர் மட்டுமே முஸ்லிம் என்பதையும் அது எடுத்துக்காட்டியது. சிறுபான்மையினருக்கெனத் தனி அமைச்சகம் 2006 ஜனவரியில் உருவானது. தொடர்ந்து போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, தொழிற்கல்வி பயில்வோருக்கான மெரிட்-கம்-மீன்ஸ் உதவித்தொகை, பள்ளி மாணவர்களுக்கான பிரீ மெட்ரிக் உதவித்தொகை, ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை ஆகியவை 2007-க்கும் 2009-க்கும் இடையில் நடைமுறைக்கு வந்தன. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, பின்னர் சமணர் என ஆறு சமூகத்தினரும் இவற்றால் பயன்பெற்றனர். பள்ளி, கல்லூரி உதவித்தொகைகளில் 30 விழுக்காடு மாணவியருக்கென ஒதுக்கப்பட்டது.

2022-க்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் திட்டமிட்ட அழிப்பு புலப்படும். பிரீ மெட்ரிக் உதவித்தொகை 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு நிறுத்தப்பட்டது. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் கைவிடப்பட்டதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் வழங்கிய 'படோ பர்தேஷ்' திட்டமும் நின்றது. 1989-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையையே மூடுவதற்கு 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது.

எஞ்சியவற்றின் நிலையை பட்ஜெட் எண்களே சொல்லும். 2022-23 பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்துக்கு 5,020.50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது 3,097.60 கோடியாகச் சரிந்தது. 2025-26-இல் 3,350 கோடி. பிரீ மெட்ரிக் உதவித்தொகைக்கு 2022-23-இல் 1,425 கோடி ஒதுக்கிய அரசு, 2025-26-இல் 195.70 கோடி மட்டுமே ஒதுக்கியது. ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. போஸ்ட் மெட்ரிக் ஒதுக்கீடு இடையில் உயர்த்தப்பட்டாலும், 2024-25-இல் 1,145.38 கோடியாக இருந்தது ஒரே ஆண்டில் 413.99 கோடியாக வீழ்த்தப்பட்டது. மெரிட்-கம்-மீன்ஸ் உதவித்தொகை 365 கோடியிலிருந்து 7.34 கோடிக்கு வந்துவிட்டது. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்று கணக்கிட்டால், இந்தத் தொகை நாடு முழுவதிலும் மூவாயிரம் பேருக்குக்கூடப் போதாது. ஆண்டுதோறும் 60,000 புதிய மாணவர்களுக்கு வழங்குவது என்ற இலக்குடன் இயங்கிய திட்டம் இது.

இந்த வெட்டுகளுக்கு அரசு கூறும் காரணங்களைப் பரிசீலிப்பது அவசியம். எட்டாம் வகுப்பு வரை கல்வியுரிமைச் சட்டமே இலவசக் கல்வி அளிக்கிறது என்பது முதல் காரணம். கட்டணம் இல்லை என்பதாலேயே கல்விக்குச் செலவில்லை என்றாகிவிடாது. குறிப்பேடு, காலணி, பேருந்துச் செலவு ஆகியவற்றுக்கு மேலாக, குழந்தை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் கூலியும் ஏழைக் குடும்பத்தின் கணக்கில் செலவுதான். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஆண்டு முழுவதற்கும் வழங்கப்பட்ட ஆயிரம் ரூபாயைத்தான் அரசு இப்படி மிச்சம் பிடித்திருக்கிறது.

மௌலானா ஆசாத் உதவித்தொகை பிற திட்டங்களுடன் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது என்பது இரண்டாவது காரணம். ஓர் ஆய்வு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகைகளைப் பெற விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே இரட்டைப் பயன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாசல் மூடப்பட்டபோது, மற்ற வாசல்களில் நெரிசல் கூடியதுதான் கண்ட பலன்.

மூன்றாவது காரணம் முறைகேடு. அது நடந்தது உண்மை. 1,572 கல்வி நிறுவனங்களை ஆராய்ந்ததில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது முறைகேட்டில் ஈடுபட்டவை எனத் தெரியவந்ததாகவும், 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டதாகவும் அமைச்சகமே கூறியது. 2023-இல் வழக்கு சிபிஐ வசம் சென்றது. திருடியவர்கள் எவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். அவர்களுக்குத் துணைபோன அதிகாரிகளும் வங்கி ஊழியர்களும் தப்பக் கூடாது. ஆனால் ரேஷன் கடையில் அரிசி கடத்தப்பட்டால் கடத்தியவரைப் பிடிக்க வேண்டுமேயன்றி, குடும்ப அட்டையைப் பறிப்பது நியாயமாகாது. இங்கே கொள்ளை போனது மாணவரின் பணம். தண்டனையும் மாணவருக்கே கிடைத்திருக்கிறது.

உயிரோடு இருக்கும் திட்டங்களும் எலும்பும் தோலுமாகவே இருக்கின்றன. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பட்டப்படிப்பு மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். ஒரு கோப்பை தேநீருக்கும் போதாத இந்தத் தொகையைப் பெற, தாசில்தாரின் வருமானச் சான்று, ஆதார் இணைப்பு, இணையதளப் பதிவு, கல்லூரியின் சரிபார்ப்பு, மாவட்ட அலுவலகத்தின் சரிபார்ப்பு என ஐந்தாறு படிகளைக் கடக்க வேண்டும். ஏதேனும் ஒரு படியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

வருமான வரம்பின் கதை இதைவிட மோசமானது. பெற்றோரின் ஆண்டு வருமானம் பிரீ மெட்ரிக் உதவிக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு 2 லட்சம். இவை 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்ட வரம்புகள். அன்றைய அரிசி விலையும் இன்றைய அரிசி விலையும் ஒன்றா? ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கணவனும் மனைவியும் வேலை செய்தால், இருவரின் கூலியும் சேர்ந்து அந்தக் குடும்பத்தை 'வசதி படைத்தது' ஆக்கிவிடும். இதே ஒன்றிய அரசு 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட பிரிவினருக்கு இட ஒதுக்கீடு அளித்தபோது வைத்த வரம்பு 8 லட்சம். ஒரே அரசு, வறுமையை அளக்க இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது.

இந்தப் பறிப்பை தேசியக் கல்விக் கொள்கை 2020-உடன் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். ஓராண்டு படித்து வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்று அது பல வெளியேறும் வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. இதற்குச் சூட்டப்பட்ட பெயர் நெகிழ்வுத்தன்மை. பணம் உள்ள வீட்டு மாணவர் அந்த வாயில்களை நாடப் போவதில்லை. உதவித்தொகை நின்றுபோன மாணவியே முதலாண்டின் முடிவில் ஒரு சான்றிதழுடன் வெளியே நிற்பார். முன்பு இடைநிற்றல் என்று பதிவானது இனி வெற்றிகரமான வெளியேற்றம் என்று பதிவாகும்.

1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் தொடங்கப்பட்ட சமுதாயக் கல்லூரிகள், பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதோருக்கும் தொழிற்திறன் தேடுவோருக்கும் உயர்கல்வியின் கதவைத் திறக்கும் நோக்கம் கொண்டவை. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இம்முறையைக் கையிலெடுத்தது. இக்கல்லூரிகளிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், பாலிடெக்னிக்குகளிலும், அரசு கலைக் கல்லூரிகளிலும் சேருவோரில் கணிசமானோர் தங்கள் குடும்பத்தில் முதல் தலைமுறையாக உயர்கல்விக்கு வருகிறவர்கள். இந்த வகைக் கல்லூரிக்கு உலகுக்கே முன்மாதிரி என்று காட்டப்படும் அமெரிக்காவில்கூட, ஏழை மாணவருக்கு, 1972-இல் சட்டப்படி உருவாக்கப்பட்டதும் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாததுமான 'பெல்' உதவித்தொகை வழங்கப்படுகிறது. கட்டணம் போக மிஞ்சும் தொகையை உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பயன்படுத்தலாம். அங்கும் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தை முற்றாக நீக்கும் திட்டம் 2021-இல் கைவிடப்பட்டது என்பது வேறு கதை. ஆயினும், சேர்க்கை அளித்தால் மட்டும் போதாது, படிக்கும் காலத்தில் மாணவர் உயிர்வாழவும் வேண்டும் என்ற எளிய உண்மையை முதலாளித்துவ அரசுகூட ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போராடினால் இதை மாற்ற முடியும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்து வற்புறுத்தியதன் தொடர்ச்சியாக 1944-இல் தொடங்கியது. அதன் சுமையில் பெரும் பகுதியை ஒன்றிய அரசு மாநிலங்களின் தலையில் கட்டியது. பல மாநிலங்களில் நிலுவை பெருகி மாணவர்கள் தவித்தனர். மாநிலங்களின் எதிர்ப்பும் தலித் அமைப்புகள், மாணவர் அமைப்புகளின் போராட்டங்களும் வலுத்த பின்னரே, 2020 டிசம்பரில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசு ஏற்பது என்று முடிவானது. இன்று சிறுபான்மை மாணவரின் உதவித்தொகையில் கை வைப்பவர்கள், எதிர்ப்பு எழாவிட்டால் நாளை பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களின் உதவித்தொகையிலும் கை வைப்பார்கள்.

தமிழ்நாட்டின் அனுபவமும் கவனத்துக்குரியது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. வரி வருவாயில் உரிய பங்கு கிடைக்காமல் தவிக்கும் ஒரு மாநிலத்தால் ஆயிரம் ரூபாய் தர முடிகிறது. நாட்டின் நிதி அதிகாரத்தைக் கையில் குவித்து வைத்திருக்கும் ஒன்றிய அரசுக்கு 300 ரூபாய் கசக்கிறது. பணமில்லை என்று அது சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தது இதே அரசுதான். அதில் நூற்றில் இரண்டு பங்கு இருந்தாலே, வெட்டப்பட்ட உதவித்தொகைகள் அனைத்துக்கும் உயிர் வந்துவிடும்.

நிறுத்தப்பட்ட உதவித்தொகைகள் அனைத்தும் மீண்டும் வழங்கப்பட வேண்டும். வருமான வரம்பு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட வேண்டும். பராமரிப்புப் படி மாணவர் உண்மையில் வாழப் போதுமானதாக மாற்றப்பட வேண்டும். கல்வியாண்டு முடிவதற்குள் தொகை மாணவரின் கணக்கில் சேர வேண்டும். தகுதியுள்ள எவரையும் இலக்கு எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. சமுதாயக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் இவை தடையின்றிக் கிடைக்க வேண்டும். இவையே உடனடிக் கோரிக்கைகள்.

கோரிக்கைகளைத் தீர்மானங்களில் எழுதிவைப்பதோடு கடமை முடிந்துவிடாது. கட்சிக் கிளைகள் தத்தம் பகுதியில் உதவித்தொகை நின்றுபோன மாணவர்களைக் கண்டறிய வேண்டும். விண்ணப்பிக்கும் காலத்தில் மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகள் உதவி மையங்களை நடத்த வேண்டும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைத் திரட்டி, மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகங்களின் முன் நியாயம் கேட்க வேண்டும். இதைச் சிறுபான்மையினரின் பிரச்சனை என்று ஒதுக்கி, இந்து ஏழை மாணவரை முஸ்லிம் ஏழை மாணவருக்கு எதிராக நிறுத்தவே வகுப்புவாத சக்திகள் முயலும். இருவரின் வீட்டிலும் அடுப்பெரியக் காரணமான உழைப்பு ஒன்றுதான். இருவரின் கல்வியைப் பறிக்கும் கையும் ஒன்றுதான். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் அனைவரையும் ஒரே அணியில் திரட்டி எழுப்பும் குரல் மட்டுமே லோதி ரோட்டின் கதவுகளுக்குள் கேட்கும்.